ஆத்துக்கு அந்தப் பக்கம்

பர்மா பஜாரில் முதலில் வந்து மூக்கைப் பிடிப்பது அத்தோ வாசனைதான். பீச் ஸ்டேஷனில் இறங்கிச் சாலையைத் தாண்டினால் போதும், பொரித்த பூண்டு, கருகின வெங்காயம், புளித்தண்ணி, எலுமிச்சை எல்லாம் கலந்து வரும். நூடுல்ஸைக் கையாலேயே பிசைந்து தட்டில் போட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப்பும் வைப்பார்கள். நீங்களும் நின்றுகொண்டே சாப்பிட்டிருப்பீர்கள். "இன்னும் கொஞ்சம் சூப்பு ஊத்துங்கண்ணே" என்று கேட்காதவர் யார்? அதைத் தாண்டினால் கடை வரிசை. வாக்மேன், செண்ட் பாட்டில், மடக்குக் குடை, கேமரா, அப்புறம் அட்டைப்பெட்டி நிறைய சிடி. "படமா, கேமா, சாஃப்ட்வேரா தம்பி?" நாம் நடக்கிற வேகத்திலேயே கூட நடந்துவந்து காதோடு கேட்பார்கள்.

2002இல் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குச் சென்னை போனபோது, அப்பா அத்தோ தட்டோடு நிற்க, ஐம்பது ரூபாய் கொடுத்து ஒரு சிடி வாங்கினேன். கமாண்டோஸ் 2. அட்டை ஜெராக்ஸ். சிடியின் மேல் மார்க்கர் பேனாவால் யாரோ அவசரமாகப் பெயர் எழுதியிருந்தார்கள். ஓடுமா ஓடாதா என்று கேட்டதற்குக் கடைக்காரர், "ஓடலன்னா கொண்டு வா, மாத்தித் தரேன்" என்றார். பட்டுக்கோட்டையிலிருந்து யார் மறுபடி போவது?

அந்த பஜார் 1969இல் வந்தது. பர்மாவில் நெவின் ஆட்சி கடை கண்ணிகளையெல்லாம் அரசாங்கத்துக்கு எடுத்துக்கொண்ட பிறகு, கப்பலேறி வந்து இறங்கிய நம்மவர்களுக்குப் பிழைப்புக்காகக் கொடுத்த இடம். அவர்களுக்கும் முன்னால் ஒரு கூட்டம் வந்தது. 1942இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்த சமயத்தில் லட்சக்கணக்கில் கிளம்பியவர்கள், காட்டையும் மலையையும் கடந்து நடந்தே வந்தார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். எனக்கு சிடி விற்றவரின் அப்பாவோ தாத்தாவோ எந்தக் கூட்டத்தில் வந்தார் என்று கேட்க அந்த வயதில் தோன்றுமா? அவர் கொடுத்த சிடிக்குள் பர்மா என்று ஒரு மிஷன் இருந்தது. அதற்கு அடுத்த மிஷன் சயாம்.

பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம், உரக்கடை மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். கீழே யூரியா மூட்டை வாடை, படியேற ஏற ஊதுபத்தி, உள்ளே போனால் சூடான மானிட்டர் வாடை. ஒட்டுப்பலகைக் கேபின்கள், ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை. மணிக்கு இருபது ரூபாய். ஒரு நாற்காலியில் இரண்டு பேர் ஒண்டிக்கொள்ளலாம், மூன்றாவது ஆள் நின்றால் சென்டர் அண்ணன் கண்டுகொள்ளமாட்டார். மௌசைக் கவிழ்த்து உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே உருளையில் படிந்திருக்கும் அழுக்கை நகத்தால் சுரண்டிவிட்டுத்தான் ஆட்டத்தில் உட்காருவோம். அதைச் செய்யாமல் தொடங்கினால் டைனி நேராகப் போய் ஜெர்மன்காரன் மடியில் உட்காருவான்.

டைனியை உங்களுக்குத் தெரியாதா என்ன. பச்சைத் தொப்பி, கையில் கத்தி, மண்ணைத் தோண்டித் தன்னைத்தானே புதைத்துக்கொள்வான். அப்புறம் குறிபார்த்துச் சுடுகிறவன், தண்ணிக்குள் போகிறவன், வெடி வைக்கிறவன், வண்டி ஓட்டுகிறவன், எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிற ஒற்றன். இரண்டாம் பாகத்தில் ஒரு திருடன் வந்தான், நடாஷா வந்தாள், விஸ்கி என்று ஒரு நாயும் வந்தது. ஒருவன் பையிலிருக்கும் சாமானை இன்னொருவனிடம் கொண்டுபோய்க் கொடுக்கும். சுட்டுத் தள்ளுகிற ஆட்டமே இல்லை இது. பதுங்குகிற ஆட்டம். காவல்காரன் ஒருவனைத் தேர்ந்தெடுத்தால் அவன் பார்வை போகிற தூரம் ஒரு பச்சை விசிறியாகத் தரையில் விரியும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அது மெல்ல ஆடும். பக்கத்தில் வெளிர்பச்சை, அங்கே தலை தெரிந்தால் தீர்ந்தது கதை. தூரத்தில் கரும்பச்சை, அங்கே தரையோடு தரையாக ஊர்ந்தால் தெரியாது. விசிறி அந்தப் பக்கம் திரும்புகிற நேரத்துக்குள் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்விட வேண்டும்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஆட்டம் சூடுபிடித்துவிட்டால் நாம் எல்லோருமே குசுகுசுவென்று பேசத் தொடங்கிவிடுவோம். "இப்ப போ... இப்ப... நில்லு நில்லு." ஹெட்போன் கிடையாது, ஜெர்மன்காரனுக்குத் தமிழும் தெரியாது. ஆனாலும் குரல் தானாகத் தணியும். ரிசல்ட் பார்க்க வந்த பெண்பிள்ளைகளும் அப்பாக்களும் எதற்கு இந்தப் பயல்கள் ரகசியம் பேசுகிறார்கள் என்று திரையை விலக்கிப் பார்ப்பார்கள்.

இந்த ஆட்டத்தைச் செய்தவர்கள் மாட்ரிட்டில் இருந்த பைரோ ஸ்டுடியோஸ். ஸ்பெயின்காரர்கள். முதல் பாகம் 1998, இரண்டாவது 2001. கலைஞர்கள்தான், சந்தேகமே இல்லை. ஒரு ஜன்னலைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தால் மேஜை மேல் என்னென்ன கிடக்கிறது என்பதுவரை வரைந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் போரைச் சினிமாக் கொட்டகையில் படித்தவர்கள். மிஷன்களின் பெயரைப் பாருங்கள். டாஸ் பூட் ஒரு படம். பாரிஸ் எரிகிறதா என்பது இன்னொன்று. நவரோன் பீரங்கிகளை சாவோ தீவுக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். ரையான் என்ற சிப்பாய் ஸ்மித் ஆகியிருந்தான். அந்த வரிசையில் ஒன்றுதான் க்வாய் நதிப் பாலம். எங்களுக்கு இந்தப் படங்களில் ஒன்றுகூடத் தெரியாது. நாங்கள் போரைப் படித்தது அந்த ஸ்பெயின்காரர்களிடம். ஆக, எங்களுக்கு வந்தது நகலின் நகல், அதுவும் ஜெராக்ஸ் அட்டை போட்டு.

தாத்தா மலாயாவிலிருந்து வந்தவர். சுற்றுவட்டாரத்தில் மலாயாக்காரர் வீடு என்றால் காட்டிவிடுவார்கள். ஐந்தாறு வயதில் அம்மா அப்பா, அண்ணன், கைக்குழந்தைத் தங்கச்சியோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர், ஐம்பதுகளில் ஒரு தகரப்பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்து அப்பாயியைக் கட்டிக்கொண்டார். கட்டம் போட்ட கைலி, மூட்டுக்கு டைகர் பாம். காலையில் எழுந்ததும் நம் ஊர்க் காபியைத் தொடமாட்டார். பால் போடாத கடுங்காப்பி, அவர் வாயில் அது 'கோப்பி'. சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார், "பசியாறிட்டியா?" என்பார். ரப்பர் தோட்டத்துக் கதைகள் சொல்லச் சொன்னால் விடிய விடியச் சொல்வார். இருட்டிலே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவது, புலி உறுமிய ராத்திரி, கிராணியார் வீட்டு நாய், ஈப்போவில் பார்த்த பாகவதர் படம். சயாமைப் பற்றி மட்டும் பேச்சு வராது.

இரண்டு பழக்கங்கள் அவருக்கு. ஸ்டேஷன் பக்கம் போனால் தண்டவாளத்தின் நடுவில் இறங்கி நிற்பார். அப்போது நம் ஊர் வழியாகப் போனது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு சிலிப்பர் கட்டையில் நின்று, இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் பார்ப்பார். "இதே அகலம்தான்" என்பார். எதுக்கு இதே அகலம் என்று சொல்லமாட்டார். அப்புறம் ஏறி வந்துவிடுவார். இன்னொன்று, வீட்டில் மூங்கிலை அடுப்பில் வைக்க விடமாட்டார். பந்தல் பிரித்த மூங்கில், உடைந்த ஏணி, ஓட்டைக் கூடை, எதுவானாலும் கொல்லையில் மக்கிப் போகட்டும். மார்கழியில் விறகெல்லாம் நனைந்து கிடந்த ஒரு நாள் அப்பாயி தெரியாமல் ஒரு துண்டை அடுப்பில் செருகிவிட்டாள். கணு பட்டென்று வெடித்தது. தாத்தா திண்ணையிலிருந்து எழுந்து வந்து, எரிகிற மூங்கிலைக் கையாலேயே உருவி முற்றத்து மழையில் வீசினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஈப்போவில் இருந்த தாத்தாவின் தங்கச்சி குடும்பம் அப்போது கடிதம் போடுவதை விட்டுவிட்டு ஈமெயிலுக்கு மாறியிருந்தது. நமக்கும் அதுதான் காரணம் கிடைத்தது, "தாத்தாவுக்கு மெயில் வந்திருக்கான்னு பாத்துட்டு வரேன்" என்று சொன்னால் அப்பாயி இருபது ரூபாயை முந்தானை முடிச்சிலிருந்து அவிழ்த்துக் கொடுப்பாள். தங்கச்சியின் பேத்திக்குக் கல்யாணம், போட்டோ அனுப்பியிருக்கிறார்கள் என்றதும் தாத்தா தானே வருகிறேன் என்றார். வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, அந்தச் செங்குத்துப் படியை ஒவ்வொன்றாக ஏறி வந்தார். சென்டர் அண்ணன் எழுந்து தன் நாற்காலியையே கொடுத்தார்.

அந்தக் காலத்து இன்டர்நெட்டில் போட்டோ மேலிருந்து கீழாகத்தான் வரும். முதலில் பந்தல் துணி வந்தது. ரொம்ப நேரம் பந்தல் துணிதான். அப்புறம் ஒரு நெற்றிச்சுட்டி எட்டிப் பார்த்தது. "கொஞ்சம் பொறுங்க தாத்தா, மூஞ்சி வந்துரும்" என்றார் அண்ணன். பொறுத்திருந்த நேரத்தில் தாத்தா பக்கத்துக் கேபினில் எங்கள் தலைக்குமேல் எட்டிப் பார்த்தார்.

"இது என்னாடா ஊரு?"

"சயாம் தாத்தா. க்வாய் ஆறு. பாலத்துக்கு குண்டு வைக்கணும்."

டைகர் பாம் வாடை கிட்டே வந்தது. முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். ஆறு, மரங்கள், குடிசைகள், துப்பாக்கியோடு உலாத்தும் ஜப்பான்காரர்கள். தாத்தா முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை. வேலை செய்த இடத்தை ரொம்ப நாள் கழித்துப் பார்க்கிறவருடைய விசாரணைதான் இருந்தது.

"மழயே காணுமே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. விசிறி இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"லைன் எங்க?"

"எந்த லைன் தாத்தா?"

"கூலி லைன்டா. இது வெள்ளக்காரன் கேம்ப்பு. நம்ம ஆளுங்க லைன் ஆத்துக்கு அந்தப் பக்கம்ல இருக்கும்."

அந்த ஆட்டத்தில் இடத்தை நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கலாம், அதுதான் இரண்டாம் பாகத்தில் பெரிய அதிசயம். திருப்பினேன். வீட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தவர்கள் தெரிந்தார்கள், மரத்துக்குப் பின்னால் ஒரு காவல்காரன் தெரிந்தான். இன்னொரு தரம், இன்னொரு தரம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் காடு, அதற்கப்புறம் கறுப்பு. வரைந்தது அவ்வளவுதான். அதற்குள் "தாத்தா, பொண்ணு வந்தாச்சு" என்று அண்ணன் கூப்பிட, தாத்தா கல்யாணப்பெண்ணின் முகத்தைப் பார்க்கப் போனார். தங்கச்சி சாடை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகுதான் திண்ணையில் அவ்வப்போது ஒன்றிரண்டு வார்த்தை விழுந்தது. வரிசையாகச் சொன்னவர் இல்லை. வெற்றிலை மடிக்கும்போது ஒன்று, கரண்ட் போன ராத்திரியில் ஒன்று.

ஜப்பான்காரன் வந்ததும் துரைமார் ஓடிப்போனார்கள். தோட்டத்தில் வேலை இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் மூன்று வேளையும். நோட்டில் வாழைமரம் போட்ட ஜப்பான் காசு, கோணிப்பை நிறைய இருந்தாலும் ஒரு படி அரிசிக்குக் காணாது. சயாமில் ரயில் பாதை போடுகிறோம், மூணு மாச வேலை, ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி என்று கங்காணி வந்து சொன்னான். சிலர் தாமாகப் போனார்கள். சிலரைப் பிடித்துப் போனார்கள். பக்கத்து ஊரில் ஓசியில் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, எல்லோரும் உள்ளே உட்கார்ந்ததும் கதவைச் சாத்தி லாரியில் ஏற்றினார்களாம். "என்னா படம் தாத்தா?" என்று கேட்டேன். "படம் எங்கடா போட்டான்?" என்றார்.

அண்ணனும் தம்பியுமாகப் போனார்கள். சாமான் ஏற்றுகிற இரும்பு வண்டியில் பான்போங் வரைக்கும். அங்கிருந்து நடை. காடு, மழை, மூங்கில். ஜப்பான்காரனைப் பார்த்தால் குனிய வேண்டும், குனிந்தது போதாது என்றால் அறை. மூங்கில் கீறின இடம் புண்ணாகி, புண் எலும்பு தெரிகிற அளவுக்கு ஆழமாகும். பிறகு பேதி வந்தது. காலையில் மண் வெட்டியவன் சாயங்காலம் இருக்கமாட்டான். புதைக்கக் குழி தோண்டினால் தண்ணி ஊறுகிறது என்று எரித்தார்கள். ஈர மூங்கிலை அடுக்கித்தான் எரித்தார்கள். கணுக் கணுவாக அது ராத்திரி முழுக்க வெடித்துக்கொண்டே இருக்குமாம். இதைச் சொன்ன அன்றைக்கு அப்பாயி அடுப்படியிலிருந்து வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். அத்தனை வருஷம் வாழ்ந்தவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்று நினைக்கிறேன்.

காலேஜ் நூலகத்தில் இதையெல்லாம் தேடிப் படித்தேன். பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மீட்டர் கேஜ். மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்த தண்டவாளத்தையும் கொண்டுபோய்ப் போட்டார்கள். போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சத்துக்குக் கிட்டே. அவர்களில் 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் போனார்கள், பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர். கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருந்தில்லாவிட்டாலும் மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணியைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று அதட்டிச் சொல்ல ஆள் இருந்தது. ஒளித்து ஒளித்து டைரி எழுதினார்கள், படம் வரைந்தார்கள், யாரை எங்கே புதைத்தோம் என்று குறித்து வைத்தார்கள். கூலி லைனில் அதெல்லாம் ஏது? காலரா முற்றியபின் 1943இல் கைதிகளிலிருந்து மருத்துவக் குழுக்களைக் கூலி முகாம்களுக்கு ஜப்பான்காரன் அனுப்பினான். அதற்குள் காடு நிரம்பிவிட்டது.

பாலக் கதையை எழுதியவர் பியர் பூல், பிரெஞ்சுக்காரர். 1952இல் வந்த நாவல். குரங்குகளின் கிரகத்தை எழுதினாரே, அவரேதான். அவர் எழுத்தாளராவதற்கு முன் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இன்ஜினியர். படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். விடியற்காலையில் நெற்றி விளக்கோடு போகிற தமிழ் ஆட்களைத் தினம் பார்த்த மனிதர். அவர் நாவலின் மையத்தில் இருப்பது ஒரு பிரிட்டிஷ் கர்னலும் அவருடைய வீம்பும். அவரைக் குறை சொல்லவில்லை, நாவலாசிரியர் எதை வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் பக்கத்தில் நின்றவர்களைப் பார்க்காமல் பழகிய கண் என்று ஒன்று உண்டு, அது தோட்டத்தில் பழகிய கண்தான்.

நாவல் 1957இல் டேவிட் லீன் கையில் படமானது. ஏழு ஆஸ்கர். எடுத்தது சயாமில் இல்லை, இலங்கையில், கித்துல்கல என்ற ஊரில், களனி கங்கைக் கரையில். நிஜப் பாலமே கட்டி, நிஜ ரயிலை விட்டு, வெடிவைத்தார்கள். உண்மையான பாலத்தைக் கமாண்டோ யாரும் வெடிவைத்துத் தகர்க்கவில்லை. ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளைவுகள் அவை, 1945இல் விமானத்திலிருந்து குண்டு போட்டு உடைத்தார்கள். போர் முடிந்து ஒட்டுப்போட்டதில் நடுவே இரண்டு கண்கள் மட்டும் வளைவில்லாமல் நிற்கின்றன. அந்தப் பாலம் நின்ற ஆறு மே குளோங். படம் பார்த்துவிட்டு வந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் க்வாய் ஆறு எங்கே, க்வாய் ஆறு எங்கே என்று கேட்டுத் தொளைத்ததில், 1960இல் பாலம் இருக்கும் பகுதியில் அந்த ஆற்றின் பெயரையே தாய்லாந்து மாற்றிவிட்டது. ஒரு நாவலுக்காக ஆறு வளைந்து கொடுத்த கதை இது. அந்தப் படத்திலிருந்து மாட்ரிட்டுக்கு, மாட்ரிட்டிலிருந்து பர்மா பஜாருக்கு, அங்கிருந்து உரக்கடை மாடிக்கு. தாத்தா கேட்ட லைன் மாட்ரிட்டில் விட்டுப்போனதில்லை, முதல் பக்கத்திலேயே விட்டுப்போனது.

நம் பக்கத்தில் எழுதாமல் இல்லை. மலேசியாவில் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' எழுதினார். பட்டுக்கோட்டையில் எத்தனை வீட்டில் அந்தப் புத்தகங்கள் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? சயாம் போய் வந்தவர் இருந்த வீடுகள் மட்டும் கணிசம்.

ஆடி அமாவாசைக்குத் தாத்தா ஒரு இலை கூடப் போடச் சொல்வார். செத்த தேதி தெரியாதவர்களுக்கு அன்றைக்குத்தானே. எல்லா இலைக்கும் வடை பாயசம், அந்த ஒரு இலைக்கு மட்டும் கூடவே அவித்த மரவள்ளிக்கிழங்கும் ஒரு தம்ளர் கடுங்காப்பியும். சின்ன வயதில் அந்தக் கிழங்குக்காகவே நான் காத்திருப்பேன், காக்கா எடுத்ததும் அது எனக்குத்தான். உங்க அண்ணனுக்கு அது பிடிக்குமா தாத்தா என்று கேட்டதற்கு, "வேற என்னாத்தடா தின்னான் அவன்?" என்றார்.

இப்போது அந்த மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். உரக்கடை இருந்த இடத்தில் ஏடிஎம், உள்ளே ஏசி காற்றுக்கு வாடையே இல்லை. சென்டர் அண்ணன் திருப்பூர் போய்விட்டார். பர்மா பஜாரிலும் சிடி கேட்டால் சிரிப்பார்கள், அத்தோ மட்டும் இருக்கிறது, முட்டை போட்டதற்குத் தனி விலை. நம் ஊர் மீட்டர் கேஜைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டார்கள். நடுவில் சில வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்தது. பெயர்த்த சமயத்தில் தாத்தா இல்லை. நான் லீவுக்கு வந்தபோது ஸ்டேஷனோரம் பழைய தண்டவாளம் அடுக்கி வைத்திருந்தார்கள், ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. மூங்கில் பிரச்சினையும் தீர்ந்தது, அடுப்படியில் கேஸ். ஆடி அமாவாசை இலையில் இப்போது பிரெஞ்ச் ஃபிரை கேட்கிற தலைமுறை உட்கார்ந்திருக்கிறது, ஆனாலும் கிழங்கு அவிக்கிறாள் அக்கா. கோப்பி யாருக்கும் அவர் பக்குவத்தில் போடத் தெரியவில்லை.

அக்கா பையன் போன லீவில் லேப்டாப்பில் கமாண்டோஸ் 2 ஆடிக்கொண்டிருந்தான். 2020இல் மெருகேற்றி மறுபடி விட்டிருக்கிறார்கள், இப்போது உரிமை வேறு கம்பெனியிடம். படம் துல்லியம். கொடியிலும் கையிலும் இருந்த ஸ்வஸ்திகாவை எடுத்துவிட்டார்களாம், அதற்கு ஆட்டக்காரர்கள் மத்தியில் பெரிய சண்டையே நடந்தது, வரலாற்றை அழிக்கிறார்கள் என்று. நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஹெட்போனைக் கழற்றச் சொன்னேன். சயாம் மிஷனைப் போடச் சொல்லி, திருப்பச் சொன்னேன். நாலு பக்கமும் திருப்பினான். "என்ன மாமா தேடுற?" என்றான். சொன்னேன். அவன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கூகுள் மேப்பைத் திறந்தான்.

அதில் எல்லாம் இருக்கிறது. காஞ்சனபுரி ஸ்டேஷன், அதற்குக் கொஞ்ச தூரத்தில் போர் வீரர் கல்லறை. வெட்டிவிட்ட புல், வரிசை வரிசையாகக் கல், ஏறத்தாழ 7,000 பேர், பெரும்பாலான கல்லில் பெயரும் வயதும் இருக்கின்றன. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் வாட் தாவோர்ன் என்று ஒரு பௌத்த விகாரை. போருக்குப் பிறகு தோண்டியெடுத்த கூலிகளின் எலும்புகளை மொத்தமாக வைத்து அங்கே ஒரு தூபி கட்டியிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் கிடையாது. அண்மையில் நம்மவர்கள் சேர்ந்து அங்கே தமிழர்களுக்கென்று ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். அக்கா பையன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான்.

அடுத்த லீவுக்குப் போவதென்று முடிவாகியிருக்கிறது. அவனுக்குப் பாலத்தின் மேல் ரயில் வரும்போது ஒதுங்கி நின்று வீடியோ எடுக்க வேண்டும். அத்தானுக்குப் பாங்காக் பார்த்தால் போதும். பாங்காக்கில் தோன்புரி ஸ்டேஷனிலிருந்து தினம் இரண்டு வண்டி நாம்தோக் வரைக்கும் போகிறது, தாத்தா போட்ட பாதையில் இன்னும் மிச்சமிருப்பது அவ்வளவுதான். சாதா வண்டி, மூன்றாம் வகுப்பு மட்டும், சீக்கிரம் போனால் ஜன்னலோரம் கிடைக்கும். நீங்களும் வருவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லுங்கள், டிக்கெட்டைச் சேர்த்தே போட்டுவிடலாம். பெரிய தாத்தாவுக்கு ஏற்ற ஒரு கட்டிக் கற்பூரத்தை அக்கா இப்போதே எடுத்து வைத்துவிட்டாள். அதை விமானத்தில் விடமாட்டார்கள் என்று பையன் சொல்லிக்கொண்டிருக்கிறான். அங்கேயே ஊதுபத்தி வாங்கிக்கொள்ளலாம் என்றால் அவள் கேட்பதாக இல்லை.